நாற்பதுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் இடையே: பொம்மசந்திராவிலிருந்து முதுமையின் வரலாறு

தமக்கு வயதாகிவிட்டது என்பதை மனிதர் பெரும்பாலும் சிறு நிகழ்ச்சிகளின் வழியாகவே அறிகின்றனர். ஊசியில் நூல் கோக்க வெளிச்சத்தைத் தேடுகிறது கண். நேற்றுவரை ‘அக்கா’ என்று விளித்த இளைஞர் இன்று ‘அம்மா’ என்கிறார். பேருந்தில் யாரோ எழுந்து இடம் தருகிறார். இவை முழுக்க முழுக்க உடலின் செய்திகள் என்றும் தனிமனித அனுபவங்கள் என்றும் எண்ணுவது வழக்கம். ஆனால் எந்த வயதில் ஒருவர் முதியவராக உணரவைக்கப்படுகிறார் என்பதற்குச் சமூக வரலாறு ஒன்று உண்டு. பெங்களூரின் ஓசூர்ச் சாலையில், பொம்மசந்திராவை ஒட்டிய பகுதியில், 2016 ஏப்ரலில் அவ்வரலாறு வெளிப்படையாக வெடித்தது.

தமிழ் மரபு இவ்வினாவை முன்பே எழுப்பியிருக்கிறது. ஆண்டு பல ஆகியும் நரை தோன்றாதது எவ்வாறு என்ற வினாவிற்குப் பிசிராந்தையார் கூறும் விடையே புறநானூற்றின் 191ஆம் பாட்டு. தம் உடல்வலிமையை அவர் காரணமாகச் சொல்லவில்லை. மனைவி, மக்கள், ஏவலர், அல்லவை செய்யாத வேந்தன், ஊரில் வாழும் சான்றோர் என்று வரிசைப்படுத்துகிறார். நரைப்பதும் நரையாதிருப்பதும் சூழலைச் சார்ந்தவை என்ற கருத்து அதில் உள்ளது. பிற்கால உலா இலக்கியமோ பெண்ணின் வயதை ஏழாகப் பகுத்தது. பாட்டியல் நூல்கள் தரும் வயதெல்லைகள் தம்முள் வேறுபடினும், பேதை ஐந்தில் தொடங்குவதாகவும் பேரிளம்பெண் நாற்பதில் முடிவதாகவும் கொள்வது பெருவழக்கு. நாற்பதைக் கடந்த பெண்ணுக்கு அப்பட்டியலில் பெயரே இல்லை. அவள் உலாவைக் காணும் கூட்டத்திலிருந்தே நீங்கிவிடுகிறாள்.

நாற்பது என்ற எல்லை கண்ணோடும் தொடர்புடையது. அண்மையில் உள்ள எழுத்து மங்கித் தோன்றும் வெள்ளெழுத்து, பெரும்பாலோர்க்கு நாற்பதையொட்டியே தொடங்குகிறது. தமிழில் அதற்குச் சாளேசரம் என்றும் ஒரு பெயர் வழங்கியது, கன்னடத்தில் சாளீசு. இரண்டும் நாற்பதைக் குறிக்கும் ‘சாலீஸ்’ என்ற இந்துஸ்தானிச் சொல்லோடு உறவுடையவை. எழுத்தறிந்தவர்க்கு இக்குறை ஒரு மூக்குக்கண்ணாடியோடு தீர்ந்துவிடும். மணிக்கு இத்தனை உருப்படி என்று ‘டார்கெட்’ வைத்துத் தைக்கவேண்டிய தையல் தொழிலாளிக்கு அது வேலையின் வேகத்தையே பாதிப்பது. ஒரே கண், ஒரே வயது; விளைவு வேறு.

வயது எண்ணாக மாறியதும் தொழிற்சாலையோடு இணைந்த கதைதான். 1881ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கமர்த்துவதைத் தடுத்தது. 1891இல் அவ்வெல்லை ஒன்பதாக உயர்ந்தது. பிறப்புச் சான்று அரிதாயிருந்த நாட்டில் பல்லையும் உடல் வளர்ச்சியையும் கொண்டே வயது மதிப்பிடப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தம் வயதை 0, 5 ஆகிய இலக்கங்களில் முடியும் எண்களாகவே மிகுதியும் கூறினர். பள்ளியில் சேர்க்கும்போது தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுகாதைத் தொடச் சொல்வதும், தலைமையாசிரியரே ஒரு பிறந்தநாளை எழுதிக்கொள்வதும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அண்மைக்காலம்வரை நினைவிலுள்ள வழக்கங்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுமைக்குமாக இயற்றப்பட்டது 1969இல்தான். இத்தகைய தோராய வயதுகளின்மீதே பிற்காலத்து ஓய்வும் சேமிப்பும் கணக்கிடப்படலாயின.

1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தொழிலாளர் வருங்கால வைப்புநிதியில் தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தில் 12 விழுக்காடு வீதம் செலுத்துகின்றனர். முதலாளி செலுத்துவதில் 8.33 விழுக்காடு ஓய்வூதியக் கணக்கிற்கும் எஞ்சிய 3.67 விழுக்காடு வைப்புநிதிக்கும் செல்கின்றன. வேலையை விட்டு இரண்டு மாதம் வேலையின்றி இருந்தவர் முழு வைப்புநிதியையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அப்போதைய நடைமுறை. 2016 பிப்ரவரி 10 அன்று மைய அரசு வெளியிட்ட அறிவிக்கை இதை மாற்றியது: முதலாளியின் பங்கை 58 வயதுக்குப் பின்னரே பெற முடியும்.

ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளியின் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் வெளியேறி ஓசூர்ச் சாலையை மறித்தனர். சங்கத் தலைமையின் அழைப்பு எதுவும் அதற்கு முன் இல்லை. மறுநாள் போராட்டம் நகரின் பிற பகுதிகளுக்கும் பரவியது; பொம்மசந்திராவை அடுத்த ஹெப்பகோடியில் காவல்நிலையம் தாக்கப்பட்டது; வாகனங்கள் எரிந்தன. காவலர் தடியடி நடத்தினர், கண்ணீர்ப்புகை வீசினர். ஏப்ரல் 19 மாலைக்குள் மைய அரசு அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது.

நாளிதழ்கள் பல இதனைப் பணத்திற்கான திடீர்க் கலகமாகக் கண்டன. ஆயின் அப்பெண்கள் மறுத்தது ஒரு வயதுக் கணக்கை. 58 வயதுவரை ஒரே தொழிலில் தொடர்ந்திருக்கும் அலுவலரை மனத்தில் கொண்டே அவ்விதி எழுதப்பட்டிருந்தது. தையல் எந்திரத்தின்முன் நாள் முழுதும் அமர்ந்து முதுகும் கழுத்தும் நொந்தவர்க்கு, நாற்பதுக்குள்ளாகவே வேகம் குறைகிறது. அதைக் கைகளுக்கு முன்னரே மேற்பார்வையாளரின் கணக்கேடு சொல்லிவிடுகிறது. வேலையிலிருந்து விலகும் அக்காலத்தில்தான் மகளின் கல்லூரிக் கட்டணமும் கடனின் வட்டியும் வந்து நிற்கின்றன. உடல் ‘முடிந்தது’ என்று கூறும் வயதிற்கும் சட்டம் ‘முதியவர்’ என்று ஏற்கும் வயதிற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் உள்ளன. அவ்விடைவெளியில் தொழிலாளி, வேலைக்கு முதியவர், உரிமைக்கு இளையவர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வருங்கால வைப்புநிதி முதுமைக்கான காப்பு. இடையிலேயே எடுத்துச் செலவிட்டால் அறுபதில் கையில் எதுவும் இராது என்ற அரசின் வாதம் பொய்யன்று. ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். தொழிற்சாலை மாறி மாறிச் செல்பவர் பலர் அதனை எட்டுவதில்லை. எனவே 2016இன் வெற்றி நாற்பது வயதின் நெருக்கடியைத் தணித்ததேயன்றி, அறுபது வயதின் நெருக்கடியை அப்படியே விட்டுவைத்தது. இரண்டிற்கும் விடை காணவேண்டிய பொறுப்பு ஊதியத்தையும் பணிச்சூழலையும் சார்ந்தது. சேமிப்பு விதி ஒன்றால் மட்டும் அது நிறைவேறாது.

2025 ஆகஸ்ட் 10 முதல் பொம்மசந்திராவில் முடிகிறது பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம். 2016இல் அச்சாலையை மறித்தவர்களுள் அன்று முப்பது வயதாயிருந்தவர்க்கு இன்று நாற்பது. அவர்களுள் எத்தனை பேர் இன்னும் எந்திரத்தின்முன் இருக்கின்றனர், விலகியவர் எங்குச் சென்றனர் என்பதைத் தொடர்ந்து பதிவுசெய்வது தொழிலாளர் வரலாற்றாய்வாளர்முன் உள்ள பணி. போராட்டத்தின் இரு நாள்களைப் பற்றிய ஆவணங்கள் நிறையவே உள்ளன. ஊசித்துளை மங்கிய நாளைப் பற்றிய ஆவணம் அப்பெண்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.