அழைத்தவர் கையில் நில்லாத போர்: கொரியா, 1950–1953

கொரியத் தீபகற்பத்தில் வழங்குவது ஒரே மொழி. எழுதப்படுவது பதினைந்தாம் நூற்றாண்டில் செஜோங் மன்னர் ஆக்கியளித்த ஒரே எழுத்து. பல நூற்றாண்டுகள் ஓர் அரசின்கீழ் வாழ்ந்த அம்மக்களை இரண்டாகப் பிரித்த கோடு அவர்தம் மண்ணில் பிறந்ததன்று. வாஷிங்டனில் ஒரு மேசைமேல் விரிக்கப்பட்ட நிலப்படத்தில் பிறந்தது.

1910 முதல் கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் தறுவாயில் சோவியத் படைகள் வடக்கே நுழைந்துவிட்டன. ஆகஸ்ட் 10ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்னும் இரு அமெரிக்கக் கர்னல்களிடம் ஒரு பணி ஒப்படைக்கப்பட்டது. ஜப்பானியப் படைகள் எதுவரை அமெரிக்கரிடமும் எதுவரை சோவியத்திடமும் சரணடைவது என்று எல்லை குறிக்க வேண்டும். தரப்பட்ட நேரம் அரைமணி. தலைநகர் சியோல் தம் பக்கம் அமையுமாறு அவர்கள் 38ஆம் அட்சக்கோட்டைத் தெரிந்தெடுத்தனர். ஸ்டாலின் மறுப்பின்றி ஏற்றார். கொரியர் ஒருவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை.

சரணடைவுக்காகக் குறித்த தற்காலிகக் கோடு மூன்றே ஆண்டுகளில் இரு அரசுகளின் எல்லையாயிற்று. 1948 ஆகஸ்ட் 15 அன்று தெற்கில் சிங்மன் ரீயின் தலைமையிலும், செப்டம்பர் 9 அன்று வடக்கில் கிம் இல் சுங்கின் தலைமையிலும் அரசுகள் அமைந்தன. நாடு முழுவதும் தனக்கே உரியது என இரண்டும் உரிமை கொண்டாடின. 1948 இறுதியில் சோவியத் படைகளும், 1949 ஜூனில் அமெரிக்கப் படைகளும் வெளியேறின.

கோட்டை வரைந்தவர் அயலார் என்பது உண்மை. ஆயின் போரை நாடியவர் அயலார் மட்டுமே என்று கூறுவது வரலாறாகாது. வடக்கின்மேல் படையெடுக்கப் போவதாக ரீ வெளிப்படையாகவே பேசிவந்தார். அதனை அஞ்சியே அமெரிக்கா அவருக்கு டாங்கிகளைத் தர மறுத்தது. கிம் இல் சுங் 1949 மார்ச்சில் மாஸ்கோ சென்று படையெடுப்புக்கு இசைவு வேண்டினார். ஸ்டாலின் மறுத்தார். 1950 ஏப்ரலில் மீண்டும் சென்றபோது, மாவோவும் ஒப்ப வேண்டும் என்னும் நிபந்தனையோடு இசைந்தார். சோவியத் படைகள் நேரே வந்து போரிடும் என்று எதிர்பார்க்கலாகாது என்றும் உணர்த்தினார். மே மாதம் பீகிங்கில் மாவோவின் ஒப்புதலும் கிடைத்தது. பல்லாண்டு மறைந்திருந்த இச்செய்திகளுக்குரிய ஆவணங்களை ரஷ்யக் குடியரசுத் தலைவர் யெல்ட்சின் 1994இல் தென்கொரியாவிடம் அளித்தார்.

1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படைகள் கோட்டைக் கடந்தன. மூன்றே நாளில் சியோல் வீழ்ந்தது. சீனாவின் இடம் குறித்த பூசலால் சோவியத் ஒன்றியம் ஐ.நா. பாதுகாப்பு அவையைப் புறக்கணித்திருந்த காலம் அது. ஆகவே மறுப்பாணைக்கு ஆளின்றித் தீர்மானங்கள் நிறைவேறின. பதினாறு நாடுகளின் படைகள் அமெரிக்கத் தளபதி மக்கார்தரின் தலைமையில் தெற்கிற்குத் துணையாக வந்தன. ஜூலை 14 அன்று ரீ தம் நாட்டுப் படைகளின் ஆணையுரிமையை ஒரு கடிதத்தின் வாயிலாக மக்கார்தரிடம் ஒப்படைத்தார். அவ்வுரிமையில் அமைதிக்காலத்துக்குரிய பகுதி மட்டும் தென்கொரியாவுக்குத் திரும்பியது 1994 டிசம்பரில்தான்.

செப்டம்பர் 15 அன்று இஞ்சியோனில் அமெரிக்கப் படைகள் கரையிறங்கியதும் போரின் போக்குத் திரும்பிற்று. வடபடை சிதறியது. இப்போது உதவி கேட்கும் முறை கிம்முடையதாயிற்று. அவரது வேண்டுகோள் ஸ்டாலினுக்கும் மாவோவுக்கும் சென்றது. அக்டோபர் 3ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் சீனப் பிரதமர் சூ என்லாய், இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரை அழைத்து, அமெரிக்கப் படைகள் 38ஆம் கோட்டைக் கடந்தால் சீனா தலையிடும் என்று தெரிவித்தார். டில்லி வழியாக அச்செய்தி வாஷிங்டனை அடைந்தது. அங்கே பணிக்கரைப் பீகிங்கின் பக்கம் சாய்ந்தவர் என்று கருதினர். செய்தியை வெற்று மிரட்டல் என்று ஒதுக்கினர். சொன்னவர் யார் என்று பார்த்தவர்கள் சொல்லின் பொருளைப் பார்க்கத் தவறினர். அமெரிக்கப் படைகள் கோட்டைக் கடந்தன. அக்டோபர் 19 அன்று சீனப் படைகள் யாலு ஆற்றைக் கடக்கத் தொடங்கின.

டிசம்பரில் வடக்கின் படையும் சீனப் படையும் ஒரே தலைமையின்கீழ் வந்தன. தளபதி சீனரான பெங் தெஹுவாய். வானில் சோவியத் விமானிகள் தம் நாட்டு அடையாளத்தை மறைத்துப் போரிட்டனர். போர் தொடங்கி ஆறு மாதங்களுக்குள் இரு கொரியப் படைகளும் அயல்நாட்டுத் தளபதியரின் ஆணையில் நின்றன. சியோல் ஒன்பது மாதங்களில் நான்கு முறை கைமாறியது.

1951 ஜூலை 10 அன்று பேச்சுவார்த்தை தொடங்கிற்று. அப்போது போர்முனை ஏறக்குறைய பழைய கோட்டருகே வந்து நின்றிருந்தது. எனினும் உடன்பாடு காண ஈராண்டுகள் சென்றன. தாயகம் திரும்ப மறுக்கும் போர்க்கைதிகளைக் கட்டாயப்படுத்தி அனுப்புவதா என்பதே பெரும் தடையாய் நின்றது. குண்டுவீச்சால் நாடு அழிவதைக் கண்ட கிம் 1952இல் போரை முடிக்க விரும்பினார். ஆயினும் அமெரிக்காவைக் கட்டிப்போடும் போராக அதனைக் கண்ட ஸ்டாலின் தொடரவே விரும்பினார். 1953 மார்ச் 5 அன்று அவர் மறைந்தார். இரு வாரங்களுக்குள் மாஸ்கோ போரை முடிக்க முடிவு செய்தது. அமெரிக்காவும் முடிக்கவே விழைந்தது. ரீயோ ஒன்றுபடாத கொரியாவை ஏற்க மறுத்து, ஜூன் 18 அன்று ஏறத்தாழ 27,000 கைதிகளைத் தாமாகவே விடுவித்து உடன்பாட்டைக் குலைக்க முயன்றார். அது குலையவில்லை. வடக்கின் தலைவர் நிறுத்த விரும்பியபோது போர் நிற்கவில்லை. தெற்கின் தலைவர் தொடர விரும்பியபோது போர் தொடரவில்லை. துணைவலியை அழைக்கும் உரிமை இருவருக்கும் இருந்தது. அவ்வலியை ஆளும் உரிமை இருவருக்கும் இல்லை.

1953 ஜூலை 27 காலை பத்து மணிக்குப் பன்முன்ஜோமில் அமெரிக்கத் தளபதி ஹாரிசனும் வடகொரியத் தளபதி நாம் இல்லும் ஒரு சொல்லும் பேசாமல் ஒப்பமிட்டு எழுந்தனர். தென்கொரியா ஒப்பமிடவில்லை. உயிர்துறந்த அமெரிக்கர் ஏறத்தாழ 36,000. சீனரோ அதனினும் பன்மடங்கினர். கொரியரின் இழப்பு, பொதுமக்களையும் சேர்த்து, இருபது இலட்சத்தைக் கடந்தது என்பதே பல ஆய்வாளரின் மதிப்பீடு.

போரிடும் படையை அனுப்பாத இந்தியா மருத்துவப் படையை அனுப்பியது; அதற்குத் தலைமை தாங்கியவர் தமிழரான லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். கைதிகள் சிக்கலுக்கு வழிகண்டதும் வி.கே. கிருஷ்ண மேனன் ஐ.நா.வில் கொணர்ந்து 1952 டிசம்பரில் நிறைவேறிய தீர்மானமே. அதன் அடிப்படையில் அமைந்த நடுநிலை ஆணையத்துக்குத் தளபதி திம்மையா தலைவரானார். இந்திய வீரர் தம் மண்ணை மிதிக்கலாகாது என ரீ தடுத்தமையால், அவர்கள் கப்பலிலிருந்து ஹெலிகாப்டர் வழியே எல்லைப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் காவலில் இருந்த ஏறத்தாழ 23,000 கைதிகளுள் மிகப் பலர் ஏதேனும் ஒரு தரப்பைத் தெரிந்துகொண்டனர். இரண்டும் வேண்டா என்று 88 பேர் இந்தியா வந்தனர். அவர்களுள் 12 பேர் சீனர், ஏனையோர் கொரியர். 1954 பிப்ரவரியில் அவர்கள் வந்திறங்கியது சென்னைத் துறைமுகத்தில்.

இத்தகைய ஒருவனையே தலைமை மாந்தனாக்கி, சோய் இன்-ஹுன் என்னும் கொரிய எழுத்தாளர் 1960இல் 'சதுக்கம்' என்னும் நாவலை எழுதினார். வடக்கிலும் தெற்கிலும் வாழ்ந்து இரண்டையும் துறந்த அவனை ஏற்றிவரும் கப்பலுக்குத் 'தாகூர்' என்று பெயர். அவன் கரை சேரவில்லை, நடுக்கடலில் மறைந்துவிடுகிறான்.

சீனப் படைகள் 1958இல் வெளியேறின. அமெரிக்கப் படைகள் இன்றும் தெற்கில் உள்ளன. அமைதி உடன்படிக்கை இன்னும் எழுதப்படவில்லை. நடப்பில் இருப்பது 1953இன் போர்நிறுத்தமே. அவ்வாவணம் கொரியம், சீனம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளில் எழுதப்பட்டது. அதன் இரு புறத்தாரும் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு மொழியே போதுமானதாக இருந்தது.