தங்கசாலையிலிருந்து காசிமேடு வழியாக

புதைத்தவரைத் தக்க காரணமின்றித் தோண்டி இடம் மாற்ற யூத மதச் சட்டம் ஒப்பாது. நட்ட கல்லும் நட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். சென்னை யூதர்களின் கல்லறைக் கற்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆம்ஸ்டர்டாம் யூதரான ஜாக் டி பைவா என்ற வைர வியாபாரி கோல்கொண்டா சுரங்கங்களுக்குப் போன இடத்தில் நோயில் விழுந்து 1687இல் இறந்தார். அவரை அடக்கம் செய்தது பெத்தநாயக்கன்பேட்டையில், தங்கசாலைத் தெருப் பக்கம். இவர் போன்றவர்களின் முன்னோரை 1497இல் போர்ச்சுகல் அரசு கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கியது. வெளியில் ஞானஸ்நானப் பெயர், வீட்டுக்குள் யூத நோன்பு என்று பல தலைமுறைகள் ஓட்டினார்கள். பிள்ளையிடம் உண்மையை எந்த வயதில் சொல்வது என்பதே அந்த வீட்டுத் தகப்பன்களுக்குப் பெரும் பாடு. சிறுபிள்ளை வாய்தவறி உளறினால் மத விசாரணை மன்றம் குடும்பத்தையே வாரிக்கொண்டு போகும். சொல்லாமலே விட்டால் பிள்ளை நிஜமாகவே கிறிஸ்தவனாக வளர்ந்துவிடுவான். ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் தப்பி வந்த பிறகுதான் வாய்விட்டு ஜெபம் சொல்ல முடிந்தது.

சென்னைக்கு அவர்களை இழுத்தது பவளமும் வைரமும். மத்தியதரைக் கடல் பவளம் லிவோர்னோ, லண்டன் வழியாக இங்கே இறங்கும். கோல்கொண்டா வைரம் கப்பலேறும். மண்ணடியில் பவளக்காரத் தெரு இன்றும் இருக்கிறது. 1688இல் மாநகராட்சி அமைந்தபோது அதன் உறுப்பினர்களான ஆல்டர்மேன்களில் மூவர் யூதர்கள். பைவாவின் விதவை ஹியரோனிமா, கவர்னர் எலிஹு யேலுடன் வாழத் தொடங்கினார். ஒரு மகனும் பிறந்தான். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த கோட்டைக்கு அவல் கிடைத்தது. பிற்பாடு பிரேசிலில் வைரம் கிடைக்க, கோல்கொண்டாவின் மவுசு குறைந்தது. வியாபாரிகளும் குறைந்தார்கள். தங்கசாலைத் தெருப் பக்கம் கல்லறைக் கற்கள் மட்டும் நின்றன.

1979இல் அங்கே மாநகராட்சிப் பள்ளி கட்ட இடம் தேவைப்பட்டது. ஹீப்ரு எழுத்துப் பொறித்த கற்களைப் பெயர்த்து, காசிமேட்டுக்குக் கொண்டுபோனார்கள். மீன் ஏலமும் வலைப் பின்னலுமாக இருந்த கரையில் அவை நான்கே ஆண்டுகள்தான் இருந்தன. துறைமுக விரிவாக்கம் வந்தது. 1983இல் மறுபடி பெயர்த்து லாயிட்ஸ் சாலைக்கு, இன்றைய அவ்வை சண்முகம் சாலைப் பக்கம், கொண்டுபோனார்கள். இந்த அலைச்சலில் பல கற்கள் காணாமல் போயின. மிஞ்சியவற்றில் சில 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

பள்ளிக்கூடம் வேண்டாம், துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தகப்பனின் நினைவு நாளில் மகன் வந்து நின்று ஒரு கூழாங்கல் வைத்துப் போக வேண்டிய மண்ணை வண்டியில் ஏற்ற முடியாது. ஆர்மீனியர்களும்தான் சென்னையில் இல்லாமல் போனார்கள். அரண்மனைக்காரத் தெருவில் அவர்கள் தேவாலயம் இடம் மாறாமல் நிற்கிறது, கொல்கத்தாவிலுள்ள அவர்கள் சமூகம் அதைப் பராமரிப்பதால். யூதக் கற்களுக்காகப் பேச அப்படி ஒரு ஆள்பலம் இல்லை. குறை அங்கேதான்.

காசிமேட்டில் அந்த நான்கு ஆண்டுகளில் வாழ்ந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயதிருக்கும். கற்கள் எந்த இடத்தில் நின்றன, எத்தனை இருந்தன, எதில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து கேட்டு எழுதி வையுங்கள்.