ஹைஃபாப் போர் (1918)

முதல் உலகப் போரின்போது, பாலஸ்தீனத் துறைமுக நகரான ஹைஃபாவை ஓட்டோமான் படையிடமிருந்து இந்தியக் குதிரைவீரர்கள் கைப்பற்றிய சண்டை. நாள் 1918 செப்டம்பர் 23. முன்னின்று மோதியவை ஜோத்பூர் லான்சர்ஸ், மைசூர் லான்சர்ஸ் என்னும் சமஸ்தானப் படைகள்.

நகருக்குப் போகும் பாதை ஒடுக்கமானது. ஒருபுறம் கார்மெல் மலை, மறுபுறம் கீஷோன் ஆற்றுச் சதுப்பு. மலைமேல் பீரங்கிகள், கீழே இயந்திரத் துப்பாக்கிகள். மைசூர்ப் படையின் ஒரு பிரிவு பீரங்கிகளைத் தேடி மலையேறியது. ஜோத்பூர் வீரர்கள் பட்டப்பகலில் நேரே ஆற்றை நோக்கிப் பாய்ந்தனர். கரை புதைமணல் என்பது குதிரைகள் சிக்கிய பிறகே தெரிந்தது. உடனே இடப்பக்கம் திரும்பி, மலையடிவாரத்துத் துப்பாக்கிகளை வீழ்த்தி ஊருக்குள் புகுந்தனர். ஜோத்பூர்ப் படையின் மேஜர் தல்பத் சிங் ஷெகாவத் குண்டடிபட்டு மாண்டார். இந்தியத் தரப்பில் இறந்தவர் 8 பேர், காயமுற்றவர் 34 பேர். சிறைபிடிக்கப்பட்டவர்களோ 1,350 பேர். ஈட்டியும் வாளும் ஏந்திப் போனவர்களுக்கு இது வியப்பான கணக்குதான்.

தில்லித் தீன்மூர்த்திச் சதுக்கத்தின் மூன்று சிலைகள் (1922) ஜோத்பூர், மைசூர், ஹைதராபாத் படைகளைக் குறிப்பவை. 2018 ஜனவரியில், இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகு வந்திருந்தபோது, அதன் பெயருடன் ஹைஃபாவும் சேர்க்கப்பட்டது. இன்று இச்சண்டை இந்திய–யூத நட்பின் தொடக்கமாகப் பேசப்படுகிறது. ஆனால் அவ்வீரர்கள் யூதர்களைக் காக்கப் போனவர்கள் அல்லர். ஆங்கில அரசரின் போரில் மகாராஜாக்கள் அனுப்பி வைத்தவர்கள். அன்றைய ஹைஃபாவில் பெரும்பான்மையோர் அரேபியர்.

பழைய போரைப் பிற்கால நட்புக்குச் சான்றாக்கும் இத்தகைய முயற்சி அமெரிக்காவிலும் நடந்தது. 1991இல் நியூயார்க்கின் கிரவுன் ஹைட்ஸில் கறுப்பினத்தாருக்கும் யூதருக்கும் கலவரம் மூண்டது. மறு ஆண்டு வந்த ‘லிபரேட்டர்ஸ்’ ஆவணப்படம், கறுப்பினத்தவரின் 761ஆவது டாங்கிப் படை நாஜி வதைமுகாம்களான புகென்வால்டையும் டாஹாவையும் மீட்டதாகக் காட்டி, இரு சமூகங்களையும் இணைக்க முயன்றது. அந்தத் தகவல் ஐயத்துக்குள்ளாகவே 1993இல் தொலைக்காட்சியிலிருந்து படம் விலக்கப்பட்டது. அதே படை 1945 மே மாதம் குன்ஸ்கிர்ஹன் முகாமை அடைந்தது உண்மை. இருந்த பெருமையே போதுமானதாக இருந்திருக்கும்.

ஹைஃபாவுக்கும் வடசென்னைக்கும் இப்போது ஒரு தொடர்பு உண்டு. எண்ணூருக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018இல் எல் அண்ட் டி நிறுவனத்திடமிருந்து வாங்கிய அதானி குழுமம், 2023 ஜனவரியில் ஹைஃபாத் துறைமுகத்தின் 70 விழுக்காட்டுப் பங்கையும் பெற்றது. கைமாற்று விழாவில் பேசிய நெதன்யாகு, 1918இன் வீரர்களையும் புதிய முதலீட்டாளர்களையும் ஒரே மூச்சில் புகழ்ந்தார்.