மகா எலியவின் யானைகள்

நுவரெலியாவுக்குத் தெற்கே, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் விரிந்து கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்வோர் மரைகளைக் கண்டு மகிழ்வர். யானையைக் காணார். ஒரு காலத்தில் இப்புல்வெளியில் யானைகள் திரிந்தன.

அவை எங்கே போயின? மேஜர் ரோஜர்ஸ் என்னும் வெள்ளை அதிகாரி ஒருவரே 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். சில ஆண்டுகளில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை ஏவி மரைகளை விரட்டினார். பொழுதுபோக்காம்! மகா எலிய என்று சிங்கள மக்கள் வழங்கிய இந்நிலத்துக்கு 1834இல் ஆளுநர் ஹோர்ட்டனின் பெயரைச் சூட்டியவர்களும் பட்டாளத்து அதிகாரிகளே.

துப்பாக்கியினும் கொடியதாயிற்று கோப்பி. அதற்காக மலைச்சரிவுகள் மொட்டையாயின. கோடரி பிடித்தோரில் கண்டிக் கிராமத்தாரும் இருந்தனர். வெந்த நிலத்தில் பாடுபட்டோர், மன்னார் வழியே காட்டுப்பாதையில் நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர். நிலமோ இவ்விரு சாராருக்கும் சொந்தமன்று; துரைக்குச் சொந்தம்.

1873இல், தாவரவியலறிஞர் ஹூக்கரின் ஆலோசனையை ஏற்று, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்கலாகாது என்று அரசு தடுத்தது. யானையின்மீது கொண்ட இரக்கமன்று அது. நீரைப் பற்றிய கவலை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்தே நீர் செல்கிறது. எனினும் எஞ்சிய காடு பிழைத்தது. 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் இவ்விடம் அறிவிக்கப்பட்டது.

உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்றால், மூடுபனி விலகும் வேளையில், கீழே தேயிலைத் தோட்டம் ஒன்று சிறு பச்சைத் துண்டாகத் தெரியும்.