ரப்பர் சட்டையும் நானூறு வருஷத்து வியர்வையும்

மே மாச வெயில்லகூட காத்துப் புகாத பளபள பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கிட்டு பார்க்கைச் சுத்தி ஓடுறவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. சானா சூட்னு பேரு. அக்கா பையனுக்குக் கல்யாணத்துக்கு இன்னும் மூணு மாசம். "மாமா, இதைப் போட்டா நெசமாவே இளைக்குமா?"ன்னு கேட்டான். ஒரே வார்த்தையில் பதில் சொல்லி முடிக்க மனசு வரலை. ஏன்னா, வியர்வையை நம்பி எடை பார்க்கும் பழக்கத்துக்கு நானூறு வயசு. அதுக்காக உயிரும் போயிருக்கு. அதான் இந்தப் பதிவு.

தராசில் உட்கார்ந்த மருத்துவர்

இத்தாலியில் சாந்தோரியோன்னு ஒரு மருத்துவர் இருந்தார். ஒரு பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவுன்னு ஏறக்குறைய முப்பது வருஷம் எடை போட்டிருக்கிறார் மனுஷன்! கணக்கு உதைத்தது. சாப்பிட்டதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமலே காணாமல் போகிறது. அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகிறது என்று 1614-ல் புத்தகமே போட்டார். இன்றைக்கு நமக்குத் தெரியும், அதில் பெரும்பங்கு வெறும் தண்ணீர். ஆனால் தராசு முள்ளுக்குத் தண்ணீரும் ஒன்றுதான், கொழுப்பும் ஒன்றுதான். குழப்பத்தின் வேரே இங்கேதான் இருக்கு.

ஜாக்கியும் சவப்பெட்டிக்காரரும்

இங்கிலாந்தில் குதிரைப் பந்தய ஜாக்கிகள் கம்பளித் துணிகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மைல் கணக்கில் நடந்து வியர்வையை இறக்குவார்கள். பந்தயத்துக்கு முன் எடை பார்க்கும்போது குறைந்தால் போதும், அவ்வளவுதான் தேவை. அங்கே பதின்மூன்று வருஷம் தொடர்ந்து சாம்பியனாக இருந்த ஃபிரெட் ஆர்ச்சர் ஜாக்கிக்கு ரொம்பவே உயரமான ஆள். பட்டினி, பேதி மருந்து, நீராவிக் குளியல்னு உடம்பை வாட்டி வாட்டியே குதிரை ஏறினார். 1886-ல் அப்படி ஒரு பந்தயத்துக்காக வாட்டிக்கொண்டதைத் தொடர்ந்து காய்ச்சல் வந்து, அந்த ஜன்னி வேகத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். வயசு 29.

அவருக்கு முன்பே வேறு ஒருத்தர் விடையைக் கண்டுபிடித்திருந்தார். லண்டனில் வில்லியம் பாண்டிங். அரச குடும்பத்துக்குச் சவப்பெட்டியும் இறுதி ஊர்வல ஏற்பாடும் செய்து கொடுத்த குடும்பம். துடுப்பு போட்டுப் பார்த்தார், துருக்கிக் குளியலில் வியர்த்துப் பார்த்தார், ஒன்றும் உருப்படியாக நடக்கலை. 1862-ல் அவர் எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. மருத்துவர் சொல்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் குறைத்தார். ஒரு வருஷத்தில் 46 பவுண்டு போயே போச்சு. தட்டில் குறைத்தது நின்றது, தோலில் வடித்தது நிற்கலை.

கொஞ்சம் கணக்கு

70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் 300 கலோரி போல செலவாகும். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமாராக 7700 கலோரி வேணும். அப்போ அந்த நடையில் கரைந்தது 40 கிராம் கொழுப்பு. அதே ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்த்திருந்தால் தராசில் ஒரு கிலோ குறைந்து காட்டும். இரண்டு சொம்பு தண்ணி குடிச்சா அந்த ஒரு கிலோ திரும்பி வந்துடும். உங்க சொத்து அந்த 40 கிராம்தான் :-)

"வியர்வை ஆவியாகும்போது கலோரி போகுதே?"ன்னு ஒரு கேள்வி வரும். ஒரு லிட்டர் வியர்வை முழுசா ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பத்தைக் கொண்டு போகும், உண்மைதான். ஆனால் அது ஏற்கெனவே உடம்பில் உண்டான சூடு. அதை வெளியேற்றுவது மட்டும்தான் வியர்வையின் வேலை, கொழுப்பைக் கரைப்பது இல்லை. பிளாஸ்டிக் உடுப்புக்குள் அந்த ஒரு வேலையும் நடக்காது. ஆவி வெளியே போக வழியில்லை, அதனால் சூடு இறங்காது. சூடு இறங்கலைன்னு உடம்பு இன்னும் வியர்க்கும். ரத்தத்தில் நீர் குறையும், இதயம் தடதடக்கும்.

1997

அமெரிக்காவில் அந்த வருஷம் நவம்பர் 7-க்கும் டிசம்பர் 9-க்கும் நடுவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் செத்துப்போனார்கள். வயசு 19, 22, 21. மூன்று பேருமே எடைப் பிரிவுக்குள் வருவதற்காக ஆவி புகாத உடுப்பு போட்டுக்கொண்டு, சூடான இடத்தில், தண்ணீரைக் குறைத்துக்கொண்டு கடுமையாகப் பயிற்சி செய்தவர்கள். 1998 ஜனவரியில் கல்லூரி விளையாட்டு அமைப்பு ரப்பர் உடுப்பையும் சானா அறையையும் தடை செய்தது. எடை பார்க்கும் நேரத்தையும் போட்டிக்குப் பக்கத்தில் கொண்டு வந்தார்கள். வடித்த தண்ணீரைத் திரும்பக் குடித்துத் தேற நேரம் இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கு.

நம்ம வினேஷ் போகத்தை மறந்திருக்க மாட்டீங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக், 50 கிலோ பிரிவு. ராத்திரி முழுக்க வியர்த்து, முடியை வெட்டி, போட்டிருந்த உடுப்பைக்கூடக் கொஞ்சம் கத்தரித்தும் காலையில் 100 கிராம் கூடுதல். இறுதிப் போட்டி கையை விட்டுப் போச்சு. மல்யுத்தக்காரர்களுக்குத் தெரியும், இது ஒரு நாள் கடன்னு. நமக்கு விற்கிறவங்கதான் இதை நிரந்தரம்னு விற்கிறாங்க. 2014-ல் அமெரிக்க வணிக ஆணையம், காபியில் உள்ள காஃபீனைத் துணியில் ஏற்றி 'போட்டாலே இளைக்கும்'னு உள்ளாடை விற்ற இரண்டு கம்பெனிகளைப் பிடித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது.

அப்போ எதைத்தான் போடுவது?

நாளைக்கும் கிளம்பத் தோன்றும் உடுப்பைப் போடுங்க. உடுப்பு நீண்ட நாளில் எடையைத் தொடும் ஒரே வழி அதுதான். தொளதொள பருத்தி பனியன் நனைஞ்சா கனக்கும், தோலை உரசும். மெல்லிய பாலியஸ்டர் சீக்கிரம் காயும். சென்னை மாதிரி கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காய்வதே கஷ்டம், அங்கே பிளாஸ்டிக் போடுவது தானாகப் போய் அடுப்பில் உட்காருவது மாதிரி. தண்ணி பாட்டில் கையில் இருக்கட்டும். எடையை வாரம் ஒரு தடவை, காலையில், வெறும் வயிற்றில் பாருங்க. நடந்துட்டு வந்த கையோடு தராசில் ஏறாதீங்க, அது பொய் சொல்லும்.

பி.கு.: ராத்திரி டிவியில் வந்த சானா பெல்ட்டை வாங்கிப் பரணில் போட்டு வைத்திருக்கும் அன்பர்கள் பின்னூட்டத்தில் கை தூக்கலாம். பேர் போட வேண்டாம், அனானியா வந்தாலும் சரி :-)