முடிவுக்குப் பின் எழுந்த குரல்: ‘டாக்டர் ஹூ’ ரசிகர் மரபின் வரலாறு

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பருவம் நிறைவுறும் இரவில் அதன் ரசிகர்கள் கொண்டாடுவதும் கொதிப்பதும், அவிழாத கதைமுடிச்சுகளை எடுத்துவைத்து வாதிடுவதும் இணையம் வந்தபின் தோன்றிய பழக்கம் என்று பலரும் எண்ணுகின்றனர். பிபிசி எனப்படும் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் 1963இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் காலப்பயணத் தொடரின் வரலாற்றை ஆராய்வோர் இந்த எண்ணத்தை ஏற்க இயலாது. இத்தொடரைப் பொறுத்தவரை ரசிகரின் எதிர்வினை கதைக்கு வெளியே நின்ற ஆரவாரம் அன்று. அழிந்துபோகவிருந்த கதைகளைக் காத்ததும், நின்றுபோன தொடரைத் தாங்கியதும், இறுதியில் தொடரை எழுதும் பொறுப்பையே ஏற்றதும் அந்த எதிர்வினையே ஆகும்.

1963 நவம்பர் 23 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள், தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது. நாடே அச்செய்தியில் மூழ்கியிருந்த நிலையில், அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்பாக முதல் பகுதி மீண்டும் காட்டப்பட்டது. பிபிசி நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன் இத்தொடருக்கு வித்திட்டார். வெரிட்டி லாம்பர்ட் தயாரித்தார். லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன் முதல் கதையை இயக்கினார். டாக்டர் என்று மட்டுமே அழைக்கப்படும் வேற்றுலகத்தவர், லண்டன் காவல்துறையின் நீலநிறத் தொலைபேசிக் கூண்டைப் போன்ற தோற்றமுடைய டார்டிஸ் என்னும் ஊர்தியில் காலத்தையும் வெளியையும் கடந்து செல்வதே தொடரின் அடிப்படை. முதலில் நடித்த வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நலம் குன்றியபோது, 1966 அக்டோபரில், டாக்டர் தம் உடலைப் புதுப்பித்து வேறு முகம் கொள்வதாகக் காட்டி, பேட்ரிக் டிரௌட்டனை அவருடைய இடத்தில் அமர்த்தினர். மறுவுருவாக்கம் என்று வழங்கும் இந்த ஏற்பாடு தொடருக்குச் சாகாவரம் தந்தது. அதனுடன், ஒவ்வொரு முகமாற்றத்தின்போதும் பழைய டாக்டருக்காக வருந்தும் பார்வையாளர் கூட்டத்தையும் உருவாக்கியது.

தொடக்கக் காலத்தில் பருவ இறுதி என்ற கருத்துக்கே பெரிய இடமில்லை. முதல் பருவம் 42 வாரங்கள் ஓடியது. ஒரு கதை முடிந்தால் அடுத்த வாரம் இன்னொரு கதை தொடங்கும். பத்திரிகைத் தொடர்கதைகளின் ‘தொடரும்’ என்ற சொல் தமிழ் வாசகரை ஏழு நாள் காக்கவைத்தது போல, ஒவ்வொரு பகுதியும் ஓர் ஆபத்தின் விளிம்பில் நின்றது. ஆயினும் ஆண்டு முழுமைக்குமான ஒரே முடிச்சு என்பது எவருடைய மனத்திலும் இல்லை. 1969 ஜூனில் முடிந்த ‘தி வார் கேம்ஸ்’ என்னும் பத்துப் பகுதிக் கதைதான் உண்மையான பருவ இறுதி என்று சொல்லத்தக்க முதல் படைப்பு எனலாம். டாக்டரின் இனத்தவரான காலப் பிரபுக்கள் அதில் முதன்முறையாகத் தோன்றி, அவரை விசாரித்து, முகத்தை மாற்றி, பூமிக்கு நாடுகடத்தினர். கறுப்பு வெள்ளைக் காலமும் அத்துடன் முடிந்தது.

அந்தக் கறுப்பு வெள்ளைப் பகுதிகளுக்கு நேர்ந்த கதி, ரசிகர் வரலாற்றின் முதன்மையான அத்தியாயம் ஆகும். ஒளிநாடாவின் விலை மிகுதியாக இருந்ததாலும், நடிகர் சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தியதாலும், வண்ண ஒளிபரப்பு வந்தபின் பழையவற்றை எவரும் கேட்கமாட்டார்கள் என்று கருதியதாலும், பிபிசி தன் நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுத்த படச்சுருள் பிரதிகளும் பின்னர் அழிக்கப்பட்டன. முதல் ஆறு பருவங்களின் 253 பகுதிகளில், 2013இல் கணக்கிட்டபோது 97 பகுதிகளுக்குப் படம் கிடைக்கவில்லை. அதுவும் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கண்டெடுத்த ஒன்பது பகுதிகளைச் சேர்த்துக்கொண்ட பின் வந்த கணக்கு. ஆனால் படம் கிடைக்காத அத்தனை பகுதிகளின் ஒலியும் இன்று நம்மிடம் இருக்கிறது. வீடுகளில் ஒளிப்பதிவுக் கருவி இல்லாத அந்நாளில், சில இளைஞர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியை வைத்தும், சிலர் கம்பியை நேரே இணைத்தும், வாரந்தோறும் சுருள்நாடாவில் ஒலியைப் பதிந்துகொண்டனர். மீண்டும் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு பெரும் நிறுவனம் வேண்டாமென்று விட்டதைப் பள்ளி மாணவர்கள் காத்தனர் என்பது ஒளிபரப்பு வரலாற்றில் நன்றியுடன் பதிய வேண்டிய செய்தி.

ரசிகர்கள் அமைப்பாகத் திரண்டது 1976இல். அவ்வாண்டு ‘டாக்டர் ஹூ அப்ரிசியேஷன் சொசைட்டி’ என்னும் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே லண்டனின் பாட்டர்சி பகுதியில் தன் முதல் மாநாட்டை நடத்தியது. சங்கம் தோன்றிய ஆண்டிலேயே முதல் பெரும் பிணக்கும் எழுந்தது. ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய ‘தி டெட்லி அசாசின்’, 1969இல் எல்லாம் வல்லவர்களாகத் தோன்றிய காலப் பிரபுக்களை மூப்படைந்த, சூழ்ச்சி மிக்க அரசியலாளர்களாகக் காட்டியது. ஒழுக்கக் காவலராக அறியப்பட்ட மேரி வைட்ஹவுஸ், நீரில் டாக்டரின் முகம் அமிழ்த்தப்படும் காட்சியின் வன்முறையைக் கண்டித்தார். ரசிகர் சங்கத்தின் தலைவரோ, தொடரின் மாயத்தையே கதை கெடுத்துவிட்டது என்று கடுமையான விமர்சனம் எழுதினார். அக்கதை இன்று தொடரின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. இதனால் அன்றைய விமர்சகரை எள்ளுவது நியாயமாகாது. முன்பு காட்டிய உலகுக்கும் இப்போது காட்டும் உலகுக்கும் பொருத்தம் வேண்டும் என்று கேட்கும் பார்வையாளர் உருவாகிவிட்டார் என்பதையே அவ்விமர்சனம் அறிவித்தது. கதைத்தொடர்ச்சி என்று ரசிகர்கள் இன்றும் வாதிடும் பொருள் அதுவே.

1985 பிப்ரவரியில், பிபிசியின் முதல் அலைவரிசைக்கு மைக்கேல் கிரேட் பொறுப்பாளராக இருந்தபோது, தொடர் 18 மாதங்களுக்கு நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. நாளிதழ்கள் கண்டனம் எழுப்பின. ‘டாக்டர் இன் டிஸ்ட்ரெஸ்’ என்ற எதிர்ப்புப் பாடலும் பதிவாகி வெளிவந்தது. 1986 செப்டம்பரில் தொடர் திரும்பியபோது, 14 பகுதிகளையும் ஒரே வழக்கு விசாரணையாக அமைத்தனர். குற்றக்கூண்டில் நின்றவர் டாக்டர் என்றாலும், விசாரிக்கப்பட்டது தொடரே என்று பார்த்தவர்கள் பலர். அந்தப் பருவத்தின் இறுதிப் பகுதி பெரும் இடரில் பிறந்தது. முடிவை எழுதத் தொடங்கிய ராபர்ட் ஹோம்ஸ் 1986 மேயில் காலமானார். கடைசிப் பகுதியை எழுதிமுடித்த கதைத் திருத்துநர் எரிக் சாவர்ட், முடிவை எப்படி அமைப்பது என்பதில் தயாரிப்பாளர் ஜான் நேத்தன்-டர்னருடன் முரண்பட்டு, தம் எழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருடைய முடிவைப் பயன்படுத்த இயலாத நிலையில், பிப், ஜேன் பேக்கர் தம்பதியர் சில நாட்களில் புதிதாக ஒரு முடிவை எழுத நேர்ந்தது. டாக்டர்மீது வழக்கு நடத்திய வழக்குரைஞர் டாக்டரின் சொந்த இருள்குணங்களின் வடிவமே என்று ஹோம்ஸ் வைத்த அருமையான திருப்பம், அடுத்த பகுதியின் அவசரத்தில் சிதறியது.

டிசம்பர் 6 அன்று அப்பகுதி ஒளிபரப்பானது. பார்வையாளர் கருத்துக்கென்றே பிபிசி நடத்திவந்த ‘ஓப்பன் ஏர்’ நிகழ்ச்சியில், பேக்கர் தம்பதியரின் முன்னிலையிலேயே, ரசிகர் சங்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் அந்தப் பருவத்தைக் குறைகூறினர். எழுத்து தேய்ந்த தடத்தில் செல்கிறது என்று துணிந்து பேசியவர்களுள் 16 வயதான கிறிஸ் சிப்னாலும் ஒருவர். பருவ இறுதிக்கு எழும் எதிர்வினையின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான ஆவணம் கிடைப்பது அரிது: படைத்தவரும் பார்த்தவரும் ஒரே அரங்கில் அமர்ந்து, ஒருவர் சொல்வதற்கு மற்றவர் விடையளித்தனர்.

1989 டிசம்பர் 6 அன்று, அதே நாளில் மூன்றாண்டுகள் கழித்து, ‘சர்வைவல்’ என்னும் கதையுடன் தொடர் நின்றது. முடிவு நெருங்குவதை உணர்ந்த கதைத் திருத்துநர் ஆண்ட்ரூ கார்ட்மெல், டாக்டரின் பயணம் தொடர்வதாக உணர்த்தும் சிறிய பேச்சொன்றை எழுதி, நடிகர் சில்வெஸ்டர் மெக்காயின் குரலில் கடைசிக் காட்சியில் சேர்த்தார். அடுத்த 15 ஆண்டுகளில், 1996இல் வந்த ஒரேயொரு தொலைக்காட்சித் திரைப்படம் நீங்கலாக, டாக்டரின் கதையைச் சுமந்தவர்கள் ரசிகர்கள். வர்ஜின் பதிப்பகம் 1991 முதல் வெளியிட்ட புதினங்களுக்கு முன்பின் அறியாத எழுத்தாளர்களும் கையெழுத்துப் படி அனுப்பலாம் என்றிருந்ததால், சங்க இதழ்களில் எழுதிப் பழகியவர்கள் நூலாசிரியர் ஆயினர். அவ்வரிசையில் 1996இல் ஒரு புதினம் எழுதிய ரஸ்ஸல் டி. டேவிஸ், 2005 மார்ச் 26 அன்று தொடரை மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தார்.

டேவிஸ் பருவ இறுதியை ஒரு விழாவாக்கினார். ஆண்டு முழுவதும் சிறு குறிப்புகளைத் தூவி இறுதியில் கோத்துக் காட்டும் அவருடைய முறை, ரசிகர்களின் ஊகத்தையே கதையின் ஓர் உறுப்பாக்கியது. 2008 ஜூன் 28 அன்று, டேவிட் டென்னன்ட் நடித்த டாக்டர் சுடப்பட்டு மறுவுருக்கொள்ளத் தொடங்கும் கணத்தில் ‘தி ஸ்டோலன் எர்த்’ நின்றபோது, நடிகர் மாறுகிறாரா என்பது பிரிட்டனில் ஒரு வாரம் முழுவதும் பேசுபொருள் ஆனது. ஜூலை 5இன் நிறைவுப் பகுதியை ஒரு கோடியே 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். தொடர் வாரப் பட்டியலின் முதலிடத்தை எட்டியது அதுவே முதல்முறை. டாக்டரின் முகம் மாறவில்லை.

1986இல் குறைகூறிய சிப்னால் 2018 முதல் தொடரின் தலைமை எழுத்தாளராக இருந்தார். அவர் எழுதி 2020 மார்ச் 1 அன்று ஒளிபரப்பான பருவ இறுதி, ஹார்ட்னெலுக்கு முன்பே டாக்டருக்குப் பல பிறவிகள் இருந்தன என்றும், மறுவுருவாக்க ஆற்றலே அவரிடமிருந்து காலப் பிரபுக்கள் எடுத்துக்கொண்டது என்றும் கூறியது. முதல்வர் என்ற ஹார்ட்னெலின் பெருமை பறிபோனதாகப் பலர் கொதித்தனர். 1976இல் ‘தி ப்ரெய்ன் ஆஃப் மார்பியஸ்’ கதையில் விளக்கமின்றித் தோன்றிய எட்டு முகங்களுக்கு இப்போதுதான் பொருள் கிடைத்தது என்று வேறு சிலர் வரவேற்றனர். அம்முகங்களுள் ஒன்று ராபர்ட் ஹோம்ஸுடையது. இரு தரப்பாரும் வாதிட்ட முறை, கதைத்தொடர்ச்சியைப் பற்றி 1976இல் சங்கத் தலைவர் எழுப்பிய கேள்வியிலிருந்து சற்றும் விலகவில்லை.

அந்தக் கேள்விகளும் விடைகளும் முதலில் அச்சேறியது, தட்டச்சுச் செய்து நகலெடுத்து அஞ்சலில் அனுப்பிய ரசிகர் இதழ்களில்தான். மலிவான தாளில் சிறு எண்ணிக்கையில் வந்த அவ்விதழ்கள் முதியவர்களின் பரண்களிலும் பெட்டிகளிலும் இன்று மஞ்சளடைந்து கிடக்கின்றன. எவரும் கேட்கமாட்டார்கள் என்று பிபிசி தன் நாடாக்களைப் பற்றி எண்ணியது போல இவற்றைப் பற்றியும் எண்ணிவிடாமல், ஒளிபரப்பு வரலாற்றைப் பேணும் நூலகங்கள், வைத்திருப்பவர்கள் வாழும் காலத்திலேயே இவற்றைக் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.