மின்னியற்றியின் வரலாறு: மின்காந்தத் தூண்டல் முதல் டைனமோ வரை

மின்னியற்றி என்பது இயந்திர ஆற்றலை மின்னாற்றலாக மாற்றும் கருவி ஆகும். பேச்சு வழக்கில் ஜெனரேட்டர், டைனமோ என்றும் வழங்கப்படுகிறது. மிதிவண்டியின் சிறு டைனமோ முதல் மின் நிலையங்களின் பெரும் மின்னியற்றிகள் வரை அனைத்தும் 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் தத்துவத்தில் இயங்குகின்றன. இத்தத்துவம் ஆய்வகத்திலிருந்து மின் நிலையத்தை அடைய ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

பின்னணி

மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதை 1820இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓயர்ஸ்டெட் கண்டறிந்தார். மின்சாரத்தால் காந்தவிளைவு உண்டாகுமானால், காந்தத்தால் மின்சாரம் உண்டாகாதா என்ற கேள்வி அறிஞர்களிடையே எழுந்தது. அசையாத காந்தமோ சீரான மின்னோட்டமோ அருகிலுள்ள கம்பியில் தொடர்ச்சியான மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என்று பலரும் எதிர்பார்த்தனர். 1825இல் பாரடே செய்த சோதனையும் இதனாலேயே பலன் தரவில்லை.

அதே ஆண்டில் ஜெனீவாவில் ஜான் டேனியல் கொலாடன் கம்பிச்சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்திப் பார்த்தார். காந்தம் கால்வனோமீட்டரைப் பாதிக்கக்கூடாது என்று அதனை அடுத்த அறையில் வைத்திருந்தார். அவர் அங்கு நடந்து சென்று பார்ப்பதற்குள் முள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

பாரடேயின் சோதனைகள்

1831 ஆகஸ்டு 29 அன்று, இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், பாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனிக் கம்பிச்சுருள்களைச் சுற்றினார். ஒன்றை மின்கலத்தோடும் மற்றொன்றை மின்னோட்டம் காட்டும் கருவியோடும் இணைத்தார். மின்கலத்தை இணைத்த நொடியிலும் துண்டித்த நொடியிலும் மட்டுமே முள் அசைந்தது. இடையில் மின்னோட்டம் சீராகப் பாய்ந்தபோது அசையவில்லை.

அக்டோபர் 17 அன்று சட்டக் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தும் வெளியே இழுத்தும் அதே விளைவைப் பெற்றார். அக்டோபர் 28 அன்று ஒரு பெரிய காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றார். இதுவே உலகின் முதல் மின்னியற்றி. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றியும் தனித்து இவ்விளைவைக் கண்டறிந்தார்.

தத்துவம்

ஒரு கம்பிச்சுருளோடு தொடர்புடைய காந்தப் பாயம் மாறும்போது மட்டுமே அதில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. மாற்றம் எவ்வளவு விரைவானதோ, சுற்றுகள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு விசை கிடைக்கும்.

காந்தம் தன்னிடமிருந்து மின்சாரத்தைத் தருவதாக மாணவர்கள் சிலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. தூண்டப்படும் மின்னோட்டம் தன்னைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கும் என்று 1834இல் ஹென்ரிக் லென்ஸ் விதி வகுத்தார். அந்த எதிர்ப்பை மீறிச் சுழற்றச் செய்யும் வேலையே மின்னாற்றலாகிறது. மிதிவண்டியில் டைனமோவை டயரோடு சேர்த்ததும் மிதிப்பது கனமாவதற்கு உராய்வோடு இவ்வெதிர்ப்பும் காரணமாகும்.

டைனமோவின் வளர்ச்சி

1832இல் பாரிசில் இப்போலித் பிக்சி, கைப்பிடியால் காந்தத்தைச் சுழற்றும் கருவியைச் செய்தார். அதில் மின்னோட்டம் திசை மாறி மாறி வந்தது. ஆம்பியரின் யோசனைப்படி திசைமாற்றி சேர்க்கப்பட்டு ஒரே திசையில் மின்னோட்டம் பெறப்பட்டது. 1858இல் இங்கிலாந்தின் சவுத் போர்லாண்டு கலங்கரை விளக்கத்தில், நீராவி எந்திரத்தால் இயங்கிய மின்னியற்றியின் ஒளி சோதிக்கப்பட்டது.

ஆயினும் நிலைக்காந்தங்களின் வலிமை போதவில்லை. இதற்கான தீர்வை 1866இல் வெர்னர் சீமன்ஸ் கண்டு, 1867 ஜனவரியில் பெர்லினில் வெளியிட்டார். இரும்பில் எஞ்சியிருக்கும் சிறிதளவு காந்தத்தன்மையால் முதலில் சிறு மின்னோட்டம் உண்டாகிறது. அதையே மின்காந்தச் சுருளுக்குள் செலுத்தினால் காந்தம் வலுப்பெற்று, மின்னோட்டமும் பெருகுகிறது. இங்கிலாந்தில் வீட்ஸ்டோன், வார்லி ஆகியோரும் இதே முடிவுக்கு வந்திருந்தனர். ஹங்கேரியின் யெட்லிக் இதனை முன்னரே அறிந்திருந்தார். அதே 1867 ஆகஸ்டில் பாரடே காலமானார்.

1871இல் கிராம் உருவாக்கிய வளைய ஆர்மச்சூர் ஏறக்குறைய சீரான மின்னோட்டம் தந்தது. 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின் நிலையம் செயல்படத் தொடங்கியது.

இன்றைய நிலை

இன்றைய பெரிய மின்னியற்றிகளில் கம்பிச்சுருள் நிலையாக இருக்க, மின்காந்தமே சுழல்கிறது. இந்தியாவில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இருமுனைக் காந்தம் கொண்ட மின்னியற்றி நிமிடத்திற்கு 3,000 முறை சுழல வேண்டும். நீராவி, நீர், காற்று எனச் சுழற்றும் ஆற்றல் வேறுபட்டாலும், மின்சாரம் உண்டாகும் முறை 1831இல் கண்டறியப்பட்டதே ஆகும்.